ஆலை ஸ்ரீபெரும்புதூரில்... வீடு சென்னையில்! கொரிய, ஜப்பானியக் குடும்பங்கள் காரிடாரில் ஏன் குடியேறுவதில்லை?

ஹூண்டாய் ஆலைக்கு கொரியாவிலிருந்து ஒரு பொறியாளர் மாற்றலாகி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடவே மனைவி, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், இன்னும் பள்ளிக்கே போகாத மகள். ஆலை இருப்பது இருங்காட்டுக்கோட்டையில். கொஞ்ச தூரத்தில் ஸ்ரீபெரும்புதூர். வாடகையும் சென்னையைவிடக் குறைவு. அப்படியானால் வீடு அங்கேதானே எடுக்க வேண்டும்?

பெரும்பாலும் எடுப்பதில்லை. தனியாக வரும் ஆண்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹோட்டல்களிலும் கெஸ்ட் ஹவுஸ்களிலும் தங்கிக்கொள்கிறார்கள். குடும்பத்தோடு வருபவர்கள் கீழ்ப்பாக்கம், நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, கிழக்கு கடற்கரைச் சாலை என்று சென்னைக்குள் போய்விடுகிறார்கள். அப்பா மட்டும் தினமும் காலையில் கம்பெனி காரில் ஏறி, பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆலைக்குப் போய்விட்டு ராத்திரி திரும்புகிறார்.

கால் நூற்றாண்டுக்கும் மேலாக இதுதான் வழக்கம். 'வசதியான வெளிநாட்டுக்காரங்க, சிட்டியிலதான் இருப்பாங்க' என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், இந்தத் தொழில் காரிடாரைக் கட்டிய விதத்திலேயே ஒரு ஓட்டை இருப்பது தெரியும். இங்கே ஆலைக்கு நிலம் உண்டு. ஆளுக்கு ஒரு படுக்கை உண்டு. குடும்பத்துக்குத்தான் இடம் இல்லை. இது கொரியப் பொறியாளருக்கு மட்டுமல்ல, விழுப்புரத்திலிருந்து வேலைக்கு வரும் 20 வயதுப் பெண்ணுக்கும் பொருந்தும்.

யார் யார் வந்தார்கள்?

1990-களின் நடுப்பகுதி வரை ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர், ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். அவ்வளவுதான். 1996 மே மாதம் ஹூண்டாய் மோட்டார் இந்தியா தொடங்கப்பட்டது. 1998-ல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. ஹூண்டாய் தனியாக வரவில்லை. சீட், பம்பர், ஸ்டீயரிங் என்று உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. அடுத்தடுத்து 2000-ல் பிரான்ஸின் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை, 2006-ல் பின்லாந்தின் நோக்கியா, 2007-ல் சாம்சங். ஒரகடம் பக்கம் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் ஜெர்மனியின் டைம்லர். பிறகு தைவானின் ஃபாக்ஸ்கான், அதோடு ஐபோன்.

ஒவ்வொரு கொடியோடும் ஒரு கூட்டம் வந்தது. எண்ணிக்கையில் பெரிய கூட்டம் இல்லை. ஆனால் சென்னையில் கொரிய ரெஸ்டாரன்ட்டுகள், கொரிய மளிகைக் கடைகள், 2006-ல் தொடங்கிய இன்கோ கலாச்சார மையம், கொரியத் துணைத் தூதரகம் என்று ஒரு சின்ன உலகமே உருவாகும் அளவுக்கு ஆள் இருந்தது. கொரியனும் ஜப்பானிய மொழியும் கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் போகும் தமிழ் இளைஞர்களும் இந்த உலகத்தின் ஒரு பகுதி.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு அதிகாரி என்றாலே வீட்டு வாடகை, கார், பள்ளிக் கட்டணம் எல்லாம் கம்பெனி கணக்கு என்று நினைக்கிறோம். பெரிய நிறுவனங்களின் தலைமை அதிகாரிகளுக்கு அது சரி. பின்னால் வந்த சின்ன உதிரிபாகக் கம்பெனியின் லைன் சூப்பர்வைசருக்கு அதே கவனிப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தைச் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்றால், அந்தக் குடும்பம் வருமா என்பதே சந்தேகம்.

'எக்ஸ்' விசாவில் ஒரு மனைவி

வேலை விசாவில் வருபவருக்கு இந்தியா ஒரு சம்பள வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் இருக்க வேண்டும். சாதாரண வேலைக்கு வெளிநாட்டு ஆளைக் கொண்டுவரக் கூடாது என்பதற்காக. இதிலிருந்து விலக்கு பெற்றவர்கள் பட்டியல்தான் சுவாரஸ்யம்: தங்கள் நாட்டு உணவைச் சமைக்கும் சமையல்காரர்கள், ஆங்கிலம் தவிர்த்த மொழி ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள். ஆக, கிம்ச்சி செய்யத் தெரிந்தவருக்கு அரசே வழிவிட்டிருக்கிறது!

மனைவிக்கு? அவருக்குக் கிடைப்பது 'எக்ஸ்' எனப்படும் நுழைவு விசா. கணவரின் விசா எவ்வளவு காலமோ அவ்வளவு காலம். இந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. கொரியாவில் ஆசிரியராகவோ, நர்ஸாகவோ, வங்கியிலோ இருந்தவர், சென்னையில் இறங்கிய அன்றே 'இல்லத்தரசி' ஆகிவிடுகிறார்.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் கணவர், ஹெச்-4 விசாவில் மனைவி. இங்கே எம்.சி.ஏ முடித்து வேலை பார்த்துவிட்டு, அங்கே போய் வருஷக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அக்காக்கள் பல குடும்பங்களில் உண்டு. ஹெச்-4-ல் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி 2015-ல்தான் கிடைத்தது. நம் அக்காவுக்காக வருத்தப்பட்ட ஊரில், அதே நிலையில் ஒரு கொரியப் பெண் பக்கத்து ஃபிளாட்டில் இருப்பது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

அவரது நாள் எப்படிப் போகிறது என்பதுதான் வீடு எங்கே என்பதைத் தீர்மானிக்கிறது. கணவர் ஆலையில் பன்னிரண்டு மணி நேரம். மொழி தெரியாது. ஆட்டோவில் தனியாகப் போகத் தயக்கம். இந்த நிலையில் அவருக்கு முதலில் வேண்டியது, தன் மொழி பேசும் இன்னும் நாலு குடும்பம் பக்கத்தில். அந்த நாலு குடும்பமும் ஏற்கெனவே சென்னையில் இருக்கிறது. அதனால் ஐந்தாவது குடும்பமும் அங்கேயே போகிறது. மதுரைக்காரர் துபாய் போனால் தெரிந்தவர் இருக்கும் கட்டடத்தில்தானே ரூம் தேடுகிறார், அதே கணக்கு.

ஹவுஸ் ஓனர் பக்கமும் ஒரு காரணம் உண்டு. 180 நாளுக்கு மேல் தங்கும் விசாவில் வருபவர் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். வெளிநாட்டவருக்கு வீடு கொடுப்பவரும் அந்தத் தகவலை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். நுங்கம்பாக்கத்து ஓனருக்கும் அங்குள்ள புரோக்கருக்கும் இது பழகிப்போன வேலை. காரிடார் கிராமத்தில் மாடி கட்டி வாடகைக்கு விடுபவருக்கு, 'எதுக்கு போலீஸ், பாஸ்போர்ட் வம்பு' என்று தோன்றினால் ஆச்சரியமில்லை.

எல்லாம் பள்ளியில் வந்து நிற்கிறது

விசா, வாடகை எல்லாவற்றையும்விடக் கனமான காரணம் பிள்ளைகளின் படிப்பு. இங்கேதான் மூன்று நாட்டு நாட்காட்டிகள் மோதிக்கொள்கின்றன. கொரியாவில் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்குகிறது. ஜப்பானில் ஏப்ரலில். சர்வதேசப் பள்ளிகளில் பொதுவாக ஆகஸ்ட்டில். கம்பெனி மாற்றல் உத்தரவு எந்த மாதம் வந்தாலும், பிள்ளை ஏதோ ஒரு பக்கம் அரை வருஷத்தை இழக்கும், இல்லாவிட்டால் அரை வகுப்பை மறுபடி படிக்கும்.

ஜப்பானியக் குடும்பத்தின் சிக்கல் இன்னும் கூர்மை. ஜப்பான் பாடத்திட்டத்தில் நடக்கும் முழுநேரப் பள்ளி என்றால் இந்தியாவில் நீண்டகாலமாக டெல்லியும் மும்பையும்தான் கணக்கு. அந்த மாதிரிப் பள்ளிகளும் பொதுவாக ஒன்பதாம் ஆண்டோடு முடிந்துவிடும். ஜப்பானில் கட்டாயக் கல்வி அதுவரைதான். அதற்கு மேல் உயர்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிள்ளைக்கு 14, 15 வயது ஆகும்போது அம்மாவும் பிள்ளையும் ஊர் திரும்புகிறார்கள். அப்பா இங்கேயே தங்குகிறார். இதற்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லே உண்டு: 'தன்ஷின் ஃபுனின்'. குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாக வேலை ஊருக்குப் போவது என்று அர்த்தம். வெளிநாட்டுக்கு மட்டுமில்லை, ஒசாகாவிலிருந்து டோக்கியோ போவதற்கும் இதே சொல்தான்.

கொரியர்களுக்கு நேர் எதிரான ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே ஆங்கிலப் படிப்புக்காக மனைவியையும் பிள்ளைகளையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்பா மட்டும் சியோலில் தனியாகச் சம்பாதித்து அனுப்புவது 1990-களிலிருந்தே பெரிய சமூகப் பேச்சு. அப்படிப்பட்டவருக்குப் பெயர் 'கிரோகி அப்பா', அதாவது காட்டு வாத்து அப்பா. பறந்துபோய் குடும்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். (அப்பாவுக்குக் கொரிய மொழியிலும் 'அப்பா'தான்!) அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் சென்னைக்கு மாற்றல் என்பது தண்டனை இல்லை. குடும்பம் பிரியாமல், பிள்ளைக்கு ஆங்கில வழிப் படிப்பு. கட்டணத்தைக் கம்பெனி கொடுத்தால் அதிர்ஷ்டம்.

இன்னொரு கொக்கியும் உண்டு. பெற்றோரின் வேலையால் வெளிநாட்டில் படித்த பிள்ளைகள், கொரியப் பல்கலைக்கழகங்களில் ஒரு தனிப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தது 3 ஆண்டு வெளிநாட்டுப் படிப்பு தேவை, அதில் ஓர் ஆண்டாவது உயர்நிலைப் பள்ளியில் இருக்க வேண்டும். பிள்ளை மட்டுமல்ல, அம்மா, அப்பா இருவருமே அந்தக் காலத்தின் பெரும்பகுதியை அந்த நாட்டில் கழித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் ஊர் நீட் போல, கொரியாவில் ஒரே தேர்வு வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்ற பயம் வீட்டுக்கு வீடு உண்டு. அதிலிருந்து ஒரு பக்கவாட்டுக் கதவு திறக்கிறது என்றால், தாய் எவ்வளவு வெயிலையும் தாங்கிக்கொள்வார்.

ஆக, வீட்டின் முகவரியை முடிவு செய்வது அப்பாவின் ஆலை இல்லை, பிள்ளையின் பள்ளி. அமெரிக்கன் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1995-லிருந்து சென்னையில் இருக்கிறது. இருப்பது தரமணியில், அதாவது ஆலைக்கு நகரத்தின் மறுகோடியில். பிள்ளைக்குப் பயணம் குறைய வேண்டுமா, அப்பாவுக்கா என்ற கேள்வியில் எப்போதும் தோற்பவர் அப்பா.

கம்பெனி கிளம்பினால் குடும்பமும் கிளம்பும்

இந்தக் குடும்பங்கள் எதுவும் இங்கே வேர் விடுவதற்காக வருவதில்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டு, பிறகு ஊர் திரும்பல் என்பதுதான் பொதுவான கணக்கு. சட்டமும் அதற்குத் தோதாகவே இருக்கிறது. கொரியாவுடன் 2011 நவம்பர் முதலும், ஜப்பானுடன் 2016 அக்டோபர் முதலும் இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் அமலில் உள்ளது. அங்கிருந்து 5 ஆண்டு வரை அனுப்பப்படும் ஊழியர், இங்கே பி.எஃப் கட்டத் தேவையில்லை. சொந்த நாட்டில் கட்டினால் போதும்.

சில நேரம் ஐந்து ஆண்டு கூட நிச்சயமில்லை. நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது. ஒரகடம் ஆலையில் தனக்கிருந்த 51 சதவீதப் பங்கை ரெனோவுக்கே கொடுக்கப்போவதாக நிசான் 2025 மார்ச்சில் அறிவித்தது. ஆகஸ்ட்டில் அது முடிந்தது. ஆலை ஓடுகிறது, நிசான் கார்களும் அங்கேயே தயாராகின்றன. ஆனால் ஓர் ஆலையின் முதலாளி மாறும்போது, அதில் எத்தனை வெளிநாட்டு மேஜைகள் மிஞ்சும் என்பது பாரிஸிலோ யோகோஹாமாவிலோ எடுக்கப்படும் முடிவு. தமிழ்த் தொழிலாளிக்கு வேலை போகுமா என்ற பயம். அங்கிருந்து வந்தவருக்கு ஸ்கூல் டி.சி வாங்க வேண்டுமா என்ற பயம். இரண்டும் ஒரே எடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

2025 ஜூலையில் வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். ஃபாக்ஸ்கான் தன் இந்திய ஐபோன் ஆலைகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களையும் டெக்னீஷியன்களையும் திருப்பி அழைத்துக்கொண்டதாக புளூம்பெர்க் எழுதியது. பெய்ஜிங்கின் அழுத்தமா, புது ஐபோன் தாமதமாகுமா என்று விவாதம் போனது. இன்னொரு கோணமும் இருக்கிறது. மெஷினை நிறுவிச் சொல்லிக்கொடுக்க வரும் ஒருவர், வாடகை அறையில் ஒரு சூட்கேஸோடு இருந்தால், ஒரே உத்தரவில் கிளம்பிவிடலாம். குடும்பம், பள்ளி, வாடகை ஒப்பந்தம் என்று இருப்பவரை அப்படி ஒரே நாளில் நகர்த்துவது கஷ்டம். தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுக்க வருபவர் நீண்ட நாள் தங்க வேண்டும் என்று விரும்பும் மாநிலம், அவர் குடும்பத்தோடு தங்குவதற்கு என்ன செய்திருக்கிறது என்ற கேள்வி இங்கே தானாக வருகிறது.

அதே காரிடார், இன்னொரு பக்கம்

வெளிநாட்டுக் குடும்பத்துக்கு இல்லாதது உள்ளூர்க் குடும்பத்துக்கு இருக்கிறதா? இல்லை என்பதுதான் பதில். அதன் விலையும் இங்கே பல மடங்கு அதிகம்.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு விஷமாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நெரிசலான அறைகள், மோசமான கழிப்பறைகள் பற்றிய விவரங்கள் வெளியே வந்தன. அதற்குப் பிறகுதான் தங்குமிடம் என்பது அரசின் கவனத்துக்குப் பெரிதாக வந்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகால் சிப்காட்டில், 706.50 கோடி ரூபாய் செலவில், 13 கட்டடங்களில் 18,720 பெண்கள் தங்கும் வளாகத்தை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் வந்திருந்தார்.

பழைய விடுதிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணிக்கையைச் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். 18,720 என்பது வீடு இல்லை, படுக்கை. ஒரு படுக்கைக்கு ஒரு பெண். அவளுக்குக் கல்யாணம் ஆனால்? குழந்தை பிறந்தால்? அந்தத் திட்டத்தில் அடுத்த பக்கம் இல்லை.

திறப்பு விழாவுக்கு இரண்டு மாதம் முன்புதான், 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், லீவு அதிகம் என்பவை ஆள்சேர்ப்பு ஏஜென்ட்டுகள் சொன்ன காரணங்கள். திருமண நிலையை வைத்துப் பாகுபாடு காட்டுவதில்லை என்று ஃபாக்ஸ்கான் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. வேலை விளம்பரங்களில் திருமண நிலையைப் போட வேண்டாம் என்று ஏஜென்ட்டுகளிடம் நிறுவனம் சொல்லிவிட்டதாக அதே ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸ் எழுதியது.

விளம்பரத்தில் ஒரு வரியை எடுப்பது சுலபம். 50 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டம் 2017-லேயே திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் ஷிப்ட் முடிந்து அந்தக் குழந்தையோடு போக, கட்டுப்படியாகும் வாடகையில் ஒரு வீடு பக்கத்தில் இல்லையென்றால், காப்பகம் இருந்தும் என்ன பயன்?

ஏன் இப்படிக் கட்டினார்கள்?

தமிழ்நாட்டுக்குக் குடியிருப்போடு ஆலை கட்டத் தெரியாது என்று சொல்ல முடியாது. நெய்வேலியைப் பாருங்கள். 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோது சுரங்கத்தோடு சேர்ந்து டவுன்ஷிப், பள்ளி, மருத்துவமனை, மார்க்கெட் எல்லாம் வந்தன. திருச்சி பெல் ஆலைக்குக் கைலாசபுரம். அந்த வளாகங்களில் பிறந்து, அங்கேயே பத்தாவது முடித்தவர்கள் இன்று ஐ.டி கம்பெனிகளில் மேனேஜர்கள். அவையெல்லாம் பொதுத்துறை, அரசே முதலாளி, அரசே வீட்டுக்காரர். (அந்த நகரியங்களுக்காக நிலம் இழந்த கிராமங்களின் கதை தனி.)

1991-க்குப் பிறகு கணக்கு மாறியது. மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டன: நிலம் தர்றோம், தண்ணீர் தர்றோம், மின்சாரம், வரிச்சலுகை தர்றோம், வாங்க. சிப்காட்டின் வேலை ஆலைக்கு மனை பிரித்துக் கொடுப்பது. ஊழியர் எங்கே தூங்குவார் என்பது கம்பெனியின் பாடு. கம்பெனி அதை கான்ட்ராக்டரிடம் தள்ளியது, கான்ட்ராக்டர் விடுதிக்காரரிடம். 40 கிலோமீட்டரில் சென்னை என்ற பெருநகரம் இருந்ததால், மேல்தட்டுக்கு அது போதுமானதாகவும் இருந்தது. ஆலைகள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்; வாடகை, பள்ளிக் கட்டணம், ரெஸ்டாரன்ட் பில் எல்லாம் சென்னையில். தண்ணீர் லாரிகளும் கன்டெய்னர் டிராஃபிக்கும் மட்டும் உள்ளூர்க்காரருக்கு.

ஒரகடம் பக்கம் இப்போது தனியார் டவுன்ஷிப்புகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவை மாதத் தவணை கட்டக்கூடிய நடுத்தர வர்க்கத்துக்கானவை; லைனில் நிற்கும் தொழிலாளிக்கு அந்த விலை எட்டாது.

மெட்ரோ வந்தால் மாறுமா?

2025 மே மாதம், பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சுங்குவார்சத்திரம் வரை 27.9 கி.மீ. மெட்ரோ பாதைக்குத் தமிழக அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 8,779 கோடி ரூபாய். பரந்தூர் வரை நீட்டிக்கும் திட்டத்தின் முதல் கட்டம் இது. வந்தால் ஒரு பெரிய சௌகரியம்தான். ஆனால் மெட்ரோ இரண்டு பக்கமும் ஓடும். ஆலைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தைக் கொண்டுவரவும் அது உதவும். சென்னையிலிருந்தே போய்வருவதை இன்னும் சுலபமாக்கி, இப்போதைய ஏற்பாட்டை அப்படியே நிரந்தரமாக்கவும் உதவும்.

எது நடக்கும் என்பது ஸ்டேஷன்களைச் சுற்றி என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது. இன்னொரு விடுதிக் கட்டடமா, அல்லது இரண்டு அறை வாடகை வீடும் நடந்து போகும் தூரத்தில் ஒரு நல்ல பள்ளியுமா? ரயில் பாதையின் வரைபடம் பேசப்படும் அளவுக்கு அந்த நிலத்தின் வரைபடம் இன்னும் பேசப்படவில்லை.